அசன நாளில் விழுந்த ஈரல் குத்து

பாளையங்கோட்டை ஹெப்ரானுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். அப்படிப்பட்டவன் பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, ஊரார் வாயில் ஊறும் இரத்தத்தையும் எச்சிலையும் நாள் முழுக்கக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மாலையானால் குத்துச்சண்டை. அங்கேயும் உடைந்த மூக்கும் கோழையும்தான். கையுறையில் அடுத்தவன் சளி ஒட்டுவதைச் சகிக்காமல்தான் அவன் முகத்தை விட்டு வயிற்றுக்கு இறங்கினான். கொள்கை என்று பிறகு சொல்லிக்கொண்டான், தொடக்கம் அருவருப்பு.

அந்த அருவருப்பே அவனை வித்தைக்காரனாக்கியது. நெற்றியை நோக்கி வலக்கையைக் காட்டுவான். எதிராளி முழங்கையைத் தூக்குவான். அதற்குள் இடக்காலை ஓரமாக வைத்து, முட்டியை மடக்கி, எதிராளியின் வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில் இடக்கையை இறக்குவான். இடுப்பை வளைத்துக் குனியமாட்டான். குனிந்தால் தன் தாடைக்குக் காப்பில்லாமல் போகும். கண்ணும் கீழே போகாது. போனால் எதிராளி சுதாரித்துவிடுவான். ஈரலில் சரியாகப் பட்டால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கால் மடங்கும்.

இதெல்லாம் நடுவர்கள் கண்ணில் படவில்லை. முகத்தில் விழுந்தால் தலை ஆடும், புள்ளி கிடைக்கும். வயிற்றில் விழுந்தது வாங்கியவனுக்கு மட்டுமே தெரியும். மாவட்ட அணித் தேர்வில் ஆண்டுதோறும் புள்ளியில் தோற்றான். "மாவு பிசையுதான்" என்று சிரிப்பார் சங்கச் செயலாளர் பாபநாசம். இந்த முறை அணியில் இடம் வேண்டும். அதைவிட, வயிற்றுக் குத்தும் குத்துதான் என்று பாபநாசம் வாயிலிருந்து வரவேண்டும்.

தேர்வு நடந்த மைதானத்துக்கு அடுத்த காம்பவுண்டில் சபைக் கோயில். அன்று அங்கே அசனம். ஆண்டுக்கொரு முறை சபையார் அரிசியும் ஆடும் காணிக்கையாகக் கொடுத்து, அண்டா அண்டாவாகச் சமைத்து, வந்தவர் எவரானாலும் உட்காரவைத்துப் பரிமாறும் விருந்து. எடை பார்ப்பது காலையிலேயே முடிந்திருந்தது. ஹெப்ரானோடு மோதவேண்டிய வள்ளியூர் சிவகணேஷ் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்ததை ஹெப்ரானின் அம்மா லில்லி பார்த்துவிட்டாள்.

வெளியூர்ப் பிள்ளை பசித்திருக்க அசனம் நடந்தது என்று பேர் வந்தால் சபைக்கே கேவலம் என்று அவனைப் பந்திக்குக் கூட்டிவந்தாள். எடைக்காகப் பட்டினி கிடந்தவனுக்கும் மறுக்கத் தெம்பில்லை. சோறு, கறி, மறுபடி சோறு. அவன் விரலிடுக்கில் கொழுப்பு வழிவதை ஹெப்ரான் பார்த்தான்.

"போதும்லே, சாயங்காலம் நமக்குச் சண்டை இருக்கு."

"ஏலே, பந்தியில இருக்க பிள்ளய எழுப்புதியோ? நீ தின்னுய்யா," என்று லில்லி இன்னொரு கரண்டி போட்டாள்.

முதல் சுற்றில் ஹெப்ரான் முகத்தையே குத்தினான். அந்த வயிற்றைத் தொட மனமில்லை. இரக்கம் பாதி, உள்ளே இருப்பது வெளியே வருமே என்ற பயம் பாதி. முகத்தில் குத்திப் பழகாதவன், நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். ஓரத்தில் பாபநாசம் கொட்டாவி விட்டார். அதோடு இரக்கம் தீர்ந்தது.

இரண்டாம் சுற்றில் வலக்கையைக் காட்டி இடக்கையை இறக்கினான். சிவகணேஷ் ஒரு நொடி அப்படியே நின்றான். முட்டி மடங்கியது. அதற்குப் பிறகுதான் அசனம் வந்தது: மெல்லாத கறித்துண்டும் மஞ்சள் சோறும், ஹெப்ரானின் நெஞ்சிலும் பனியனிலும், வெதுவெதுப்பாக. நடுவர் மூக்கைப் பொத்தியபடி சண்டையை நிறுத்தினார். வென்றவன் கையைப் பிடித்து உயர்த்துவதே வழக்கம். அவர் தள்ளி நின்று விரலைக் காட்டினார்.

"ஒங்க அம்மைக்குத்தான்வே மெடல் குடுக்கணும்," என்றார் பாபநாசம். "ஆட்டுக்கறிதான்லா ஜெயிச்சிருக்கு." கூட்டம் சிரித்தது. ஹெப்ரானுக்கு அணியில் இடம் கிடைத்தது. குத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குழாயடியில் சிவகணேஷ் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் ஒட்டிய பருக்கைகளைக் கழுவியபடி, வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் மோதலாமா என்று ஹெப்ரான் கேட்டான்.

"எதுக்குவே? முதல்ல காலுதான் போச்சு. பெறவுதான் சோறு வந்துச்சு," என்றான் சிவகணேஷ், விலாவைப் பிடித்துக்கொண்டு.

அதைப் பாபநாசம் அண்ணாச்சியிடம் வந்து சொல்லச் சொன்னான் ஹெப்ரான். சிவகணேஷ் கொஞ்சம் யோசித்தான். குத்து வாங்கிச் சுருண்டவன் என்ற பேரைவிடக் கறி ஒத்துக்கொள்ளாதவன் என்ற பேர் வள்ளியூரில் எவ்வளவோ மேல்.

"மாட்டேன்வே. கறி சேரலன்னுதான் ஊர்ல சொல்லப்போறேன்."

ஹெப்ரான் அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போது புரண்டு வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். காலையிலிருந்து எதுவும் தின்னாத வயிறு, பித்தநீர்தான் வந்தது. சிவகணேஷ் ஒரு கையால் தன் விலாவையும் மறு கையால் அவன் தலையையும் பிடித்துக்கொண்டான்.