கரி பிடிக்கும் வேகம்

படகு எஞ்சின்களைப் பழுது பார்க்க போர்ட் பிளேரிலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவுக்குப் போயிருந்தபோது அந்தப் படகோட்டியைச் சந்தித்தேன். ரப்பர் தோட்டத்துத் தமிழர். அறுபது வயதிருக்கும். அந்தப் புழுக்கத்திலும் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

அவருடைய எஞ்சின் திணறியது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றினேன். உள்சுவர் முழுக்க எண்ணெயும் கரியும் தார் போல அப்பியிருந்தன.

“எப்பவும் மெதுவாவே ஓட்டுனா இப்படித்தாண்ணே அடைக்கும். கொஞ்சம் வேகமா விடுங்க.”

“டீக் ஹை, சரி தம்பி” என்றார்.

சுரண்டிக் கழுவி மாட்டினேன். ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினோம். படகு சீறிக்கொண்டு போனது. எனக்கே பெருமையாக இருந்தது. கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதும் அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். படகு ஊர ஆரம்பித்தது.

“இப்பத்தானேண்ணே சொன்னேன்?” என்றேன் எரிச்சலாக.

“அடியில எங்க தோட்டத்து லைன் வீடுங்க இருக்கு தம்பி. சுனாமியில கடல் ஏறி எடுத்துக்கிருச்சி. வேகமாப் போனா ப்ரொபெல்லர் தட்டிரும்.”

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் வெறும் மணல். ஒரு செங்கல்கூட இல்லை. தினமும் அந்த வழியே போகிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அவர் குனிந்து பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி, அந்த இடம் முடியும்வரை அதே மெதுவான வேகத்தில் ஓட்டினார்.

கரைக்கு வந்ததும், மேனிஃபோல்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். வேகத்தைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை.