சென்சார்களுக்கு எண் வைப்பவள்

அப்பா போன பிறகு அவளும் அம்மாவும் சித்தப்பா வீட்டு மாடி அறையில் ஒண்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போதே சொல்லிக்காட்டுகிற வீடு அது. படிப்பு முடிந்ததும், சித்தப்பா தலைமை டெக்னீஷியனாக இருந்த கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் மகனும் அங்கேதான் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தான்.

தோட்டங்களிலும் அணைகளிலும் டேட்டா லாகர் பொருத்துவதுதான் கம்பெனியின் தொழில். மண்ணின் ஈரம், சூடு எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் சின்னப் பெட்டி. மண்ணில் புதைத்து அளக்கிற சென்சார்கள் எல்லாம் லாகருக்குப் போகும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். லாகர் எண் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுக்குரிய சென்சார் மட்டும் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வரும்போது எல்லாவற்றுக்கும் எண் பூஜ்யம்தான். ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி எண்ணை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து கத்தும், லாகருக்கு ஒரு மண்ணும் விளங்காது.

களப்பொறுப்பாளர் பதவி காலியானது. பழத்தோட்ட வேலையை அவள் ஒழுங்காக முடித்தால் அவளுக்கே என்றார் மேனேஜர். அவள் ஆபீசிலேயே நான்கு சென்சார்களுக்கு எண் வைத்து, ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் கம்பெனி ஜீப்பில் ஏற்றினாள். ஜீப்பை அன்று வீட்டுக்கு எடுத்துப்போனவர் சித்தப்பா.

மறுநாள் மேனேஜரும் சித்தப்பாவும் அவர் மகனும் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டத்தில் குழி தோண்டி நான்கு சென்சார்களையும் புதைத்து லாகரை இயக்கினாள். திரையில் குப்பைதான் வந்தது.

"என்னம்மா இது? ஒண்ணுகூட பேசலையே?" என்றார் மேனேஜர்.

"நேத்து ஆபீஸ்ல நல்லா ஓடிச்சு சார்."

"ஆபீஸ்ல எல்லாம் ஓடும்," என்றார் சித்தப்பா. "வெயில்ல நின்னாத்தான் சாயம் வெளுக்கும். நம்ம பொண்ணாச்சேன்னு வாயைத் திறக்காம இருந்தேன் சார்."

அவள் மண்ணைக் கிளறி ஒன்றை எடுத்துத் தனியாக மாட்டினாள். பூஜ்யம் என்றது. அடுத்ததும் பூஜ்யம். நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, லேசாகச் சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"யாரோ நம்பரை மாத்தியிருக்காங்க சார்."

"யாரு, பேயா?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சேற்றுக் கையோடு மறுபடி எண் வைத்து அவள் சரிசெய்தபோது மேனேஜரின் கார் போய்விட்டிருந்தது. பதவி சித்தப்பா மகனுக்குப் போனது.

"வாயை மூடிக்கோடி," என்றாள் அம்மா அன்றிரவு. "இங்கேருந்து துரத்திட்டா எங்க போய் நிப்போம்?"

மழைக்காலத்தில் அணை வேலை சித்தப்பா மகன் தலையில் விழுந்தது. சென்சார்கள் மசியவில்லை. சித்தப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு, முதல்முறையாக மாடியேறி வந்தார்.

"தம்பி திணறுறாம்மா. நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடு. வெளிய தெரிய வேண்டாம்."

"நம்பர் மாத்தறதுல உங்களை மிஞ்ச ஆளு உண்டா சித்தப்பா? நீங்களே போங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "சோறு போட்ட கையைக் கடிக்கிற."

"ஆமா," என்றாள்.

கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி அவர் இறங்கியதை வாசலில் நின்று பார்த்தாள். கை கொடுக்கவில்லை. ஒரு படி தவறி அவர் தடுமாறியபோது அவளுக்கு உள்ளூர இனித்தது.

மகனுக்கு வேலை போனது. அந்த வாரமே அவளும் அம்மாவும் வைத்திருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்தன. அவள் வேறு கம்பெனியில் சேர்ந்து, ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். அம்மா தன் பையை அங்கே பிரிக்கவே இல்லை. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அம்மா பையோடு கிளம்பி நின்றாள்.

"சித்தப்பா வீட்டுல சமைக்க ஆளில்லையாம். கூப்பிட்டாங்க."

"உன்னைத் தெருவுல விட்டவங்கம்மா."

"நீ ஒரு வார்த்தை பொறுத்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

பஸ் நிறுத்தம்வரை பையை அவள்தான் சுமந்தாள். அம்மா அதை வாங்கிக்கொண்டு ஏறி, அவள் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.