சாமி உள்ளே இருக்குதுங்க

மூன்று வருடங்களுக்கு முந்தைய பங்குனி மாதம் அது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் காபி, இதுதான் பிழைப்பு. காலை பதினோரு மணி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் மனைவி ரேஷன் கடையிலும் இருந்த நேரம். நான் தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் எங்கள் பழைய வீட்டின் ஓட்டு இடுக்கிலிருந்து புகை வருகிறது.

நாங்கள் குடியிருப்பது பக்கத்தில் கட்டிய கான்கிரீட் தார்சு வீட்டில். பழைய ஓட்டு வீடு இப்போது மூட்டை போட்டு வைக்கத்தான். காய்ந்த மிளகு, காபிக் கொட்டை, காலிச் சாக்கு, கிழிந்த தார்ப்பாய் என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். அவற்றுக்கு நடுவில்தான் மருந்தடிக்கிற பேட்டரி டேங்கைச் சார்ஜில் போட்டுவிட்டு நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு ஒயர் எந்தக் காலத்து ஒயர் என்று மட்டும் கேட்காதீர்கள். மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்று மூன்று தீபாவளியைத் தள்ளியவன் நான்.

அந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான குலசாமியின் வெள்ளி முகமும் சலங்கைகளும். திருவிழா நாள் தவிர மற்ற நாட்களில் அதை மஞ்சள் துணியில் சுற்றி, மூங்கில் கூடையில் வைத்து, முறை போட்டு ஒவ்வொரு பங்காளி வீட்டிலும் பாதுகாப்போம். அந்த வருடம் எங்கள் முறை. முன்னோர் புழங்கிய வீட்டில்தான் அது இருக்க வேண்டும், புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது வழக்கம். அதை முகம் என்றோ கூடை என்றோ எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். சாமி என்றுதான் சொல்வோம். "இந்த வருசம் சாமி ஆரு ஊட்டுல இருக்குது?" என்றுதான் கேட்போம்.

ஓடி வந்து கதவைத் திறந்தேன். குப்பென்று அடித்த புகையில் நாலடி பின்னால் வந்து விழுந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். நான் தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு ஜன்னல் வழியாக ஊற்றினேன். அந்தத் தீக்கு அது எம்மாத்திரம்? என் மனதில் மிளகு மூட்டை இல்லை, வீடு இல்லை. நம் முறையில் சாமி எரிந்துபோனால் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே பயம்தான்.

வண்டி வந்தது. சிமெண்டு ரோடு முடிகிற இடத்தோடு அதற்கு வழியில்லை. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதைதான். குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்து ஒன்றோடொன்று மாட்டினார்கள். வந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் வேறு பக்கம் காட்டுத்தீ அணைக்கப் போயிருந்தார்களாம். வயதான டிரைவர் வண்டியோடு பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் குழாயைப் பிடித்தார். மூன்றாமவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், அடிவாரத்து ஊர்க்காரர். முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாகப் போட்டுக்கொள்கிற மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"உள்ள ஆராச்சும் இருக்காங்களாங்க? கேஸ் சிலிண்டர் இருக்குதா? கரண்ட நிறுத்தியாச்சா?"

மூன்று கேள்விகள், மூன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆள் இல்லை, சிலிண்டர் இல்லை, நிறுத்தவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சாமி உள்ளாற இருக்குதுங்க! எப்படியாச்சும் எடுத்துருங்க!"

அவருடைய ஒரு கை மட்டும் கருவியின் வாரில் நுழைந்திருந்தது. அவர் அப்படியே நின்றார். "எந்தப் பக்கமுங்க?" என்றார்.

"மேக்கால மூலையில, கூடைக்குள்ள, துணி சுத்தி வெச்சிருக்குதுங்க!"

கருவியைக் கீழே போட்டார். அதை முழுதாக மாட்டி, மாஸ்க்கில் காற்றுப் போகிறதா என்று பார்க்க ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, குடத்தில் முக்கி மூக்கோடு கட்டினார். குனிந்து, தரையோடு தரையாக உள்ளே போய்விட்டார். தனியாக ஒருவர் உள்ளே போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும், கருவி இல்லாமல் போகவே கூடாது என்பதெல்லாம் அவர்கள் விதியாம். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளே போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் சாமிக்காக இப்படி ஓடுகிறாரே, எவ்வளவு பக்தியான மனிதர் என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேன்.

குழாய் பிடித்தவர் தண்ணீரை வாசல் பக்கம் பீய்ச்சிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கொழந்தைங்க?" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்ணு என்போம், சாமி என்போம். நானே என் மகளைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கூடைக்குள், துணி சுற்றி, சாமி! கேட்கிறவன் கைக்குழந்தை என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பான்?

"கொழந்த இல்லீங்க! அது கும்புடுற சாமிங்க! அவர வெளிய வரச் சொல்லுங்க!" என்று கத்தினேன். இருவருமாகக் கத்தினோம். டிரைவர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். உள்ளே ஓடுகள் படபடவென்று வெடிக்கிற சத்தத்தில் எங்கள் குரல் எங்கே கேட்கப்போகிறது? எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மூங்கில் சட்டம் ஒன்று சரிந்து விழுந்தது. குழாய்க்காரர் தண்ணீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பாய்ந்து, உள்ளே போனவரின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தோளில் சட்டம் விழுந்திருந்தது. இரண்டு கைகளும் வெந்திருந்தன. எரிகிற சாக்குகளைக் கையால் புரட்டிப் பார்த்திருக்கிறார். வாய் திறந்தால் இருமல்தான் வந்தது. இருமலுக்கு நடுவிலும் அவர் கையை ஆட்டி ஏதோ கேட்டார். டிரைவர் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். "கொழந்த இல்லப்பா... கொழந்த இல்ல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியது.

சாயங்காலம் பங்காளிகள் வந்தார்கள். தீ அணைந்து, கருகிய மூட்டைகளுக்கு அடியில் வெள்ளி முகம் நசுங்கிக் கிடந்தது. எதற்குப் பயந்து அத்தனை பதறினேனோ, அந்தப் பேச்சு யார் வாயிலிருந்தும் வரவில்லை. எங்கள் பெரியப்பா மட்டும், "சாமி போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்டா. ஊரான் ஊட்டுப் புள்ளைய ஏண்டா நெருப்புக்குள்ள அனுப்புன?" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை. அந்த மனிதர்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போய் என்ன சொல்வது? வெள்ளித் தகடு ஒன்றுக்காக உங்களை உள்ளே போக வைத்தேன் என்றா? அவருடைய ஆட்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்? பஸ் ஸ்டாப் வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகுதான் கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வார்டு வாசலில் அவர் மனைவி மூன்று வயதுப் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓடப் பார்த்த குழந்தையைப் பிடித்து, "சாமி, அப்பா கிட்டப் போவாத. இங்க வா சாமி" என்றார். அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். யாருங்க என்று அவரே கேட்டார். தீப்பிடித்த வீட்டுக்காரன் என்று சொன்னேன். அவர் வழிவிட்டார். "மூணு நாளா கண்ணே மூடலீங்க. பேசக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்லீட்டாங்க. தீயைப் பத்தி ஆரும் பேச வேண்டாம்னும் சொல்லீட்டாங்க" என்றார்.

அன்றுதான் முகத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்திருந்தார்கள். இரண்டு கைகளிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். குரல் கரகரவென்று பாதி காற்றாக வந்தது.

"கூடை கெடச்சுதுங்கண்ணா. கையை உட்டுப் பாத்தேன், துணிக்குள்ள என்னமோ தகடாட்டந்தான் தட்டுப்பட்டுச்சு, கொழந்த இல்ல. உருண்டு எங்கியோ போயிருச்சுன்னு சாக்குக்குள்ள எல்லாம் தேடுனேன். எடுக்க முடியலீங்க. என்னைய மன்னிச்சுருங்கண்ணா."

கூடை அவருக்கு உடனே கிடைத்திருக்கிறது. அப்போதே திரும்பியிருந்தால் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் வெளியே வந்திருப்பார். இல்லாத குழந்தையைத் தேடித்தான் அந்த நெருப்பில் நின்றிருக்கிறார். டிரைவர் சொன்ன "கொழந்த இல்லப்பா" என்ற ஆறுதலை, குழந்தை இறந்துவிட்டது என்று புரிந்துகொண்டிருக்கிறார். மூன்று நாளும் ஒரு குழந்தையைச் சாகவிட்டவனாக அந்தக் கட்டிலில் கண் விழித்துக் கிடந்திருக்கிறார். நான் பஸ் ஸ்டாப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மூன்று நாள்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமி என்று நான் சொன்னது எதை, கூடையில் இருந்தது எது, வீட்டில் அன்று ஒரு ஈ காக்கைகூட இல்லை என்பது வரை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்ப ஆரும் சாவலீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. கட்டுப் போட்ட கையால் அவருக்குத் துடைக்க முடியவில்லை. அவர் மனைவி துடைத்தார். நான் கிளம்பும்போது அவர் கண்ணைத் திறக்காமலே ஒன்று சொன்னார். என் மேல் அவர் சொன்ன ஒரே குறை அதுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இத மொத நாளே வந்து சொல்லியிருக்கலாமுங்களேண்ணா."

அவர் பிழைத்துக்கொண்டார். கை ஆறிவிட்டது. மூச்சு மட்டும் பழையபடி வரவில்லை. இருபது படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது நிலையத்தில் போன் எடுக்கிற வேலை பார்க்கிறார். ஊர்க் கூட்டத்தில் தீ விபத்துப் பேச்சு வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். வண்டிக்காரர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மனிதன் இருந்தால் மனிதன் என்று சொல்லுங்கள், அவர்கள் கருவியை மாட்டி முடிக்கிற வரை கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று சொல்வேன். இவனுக்கு வேற வேலையில்லை என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பதற்றத்தில் வாய் தவறியதை அவர் மன்னித்துவிட்டார், நானும் ஒருவாறு ஆறிவிட்டேன். ஆனால் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் ஒரு மனிதர் செய்யாத பாவத்துக்காகத் தூங்காமல் கிடந்தபோது, அதைத் தீர்க்கிற வார்த்தையை நான் மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேனே, அதற்கு மட்டும் இன்று வரை எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.