வெள்ளை அணுக்கள் இறங்கிய வாரம்

யுத்த காலத்தில் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நகரியிலிருந்து ஒரு நெசவாளி தன் மனைவியைக் கொண்டுவந்தார். வீட்டிலேயே பிள்ளை பெற்றவள், கடுமையான ஜுரம். கூடவே வந்த பிள்ளையை நர்ஸுகள் நாங்கள் பார்த்துக்கொண்டோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தன.

"ஐயாயிரத்துலேர்ந்து பத்தாயிரம் வரைக்கும் இருந்தா சரிண்ணா," என்று அவருக்கு விளக்கினேன். "உள்ள சீழ் புடிச்சிருக்கு. அதோட சண்ட போடத்தான் ஏறிக்கினு இருக்கு. எறங்கணும்."

சல்ஃபா மாத்திரை கொடுத்தோம். ஜுரம் விட்டது. நெசவாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கி எவ்ளோ எறங்கிச்சி, சிஸ்டரம்மா?" என்பார். எட்டாயிரம் என்று சொன்ன அன்று கை கூப்பினார். மனைவியை அழைத்துப் போகிறேன், வழியில் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஜுரம் திரும்பிவிடக் கூடாதென்று டாக்டரம்மா விடவில்லை. மாத்திரை தொடர்ந்தது.

பிறகு ஒரு காலையில் அவள் கஞ்சியைத் தள்ளிவிட்டாள். "தொண்ட நோவுது சிஸ்டர். எச்சி கூட முழுங்க முடியல." வாய்க்குள் எங்கும் புண். உடம்பு மறுபடி கொதித்தது. டாக்டரம்மா தானே மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். ஆயிரம்கூட இல்லை.

"மாத்திரையை நிறுத்து," என்றார். சிலருக்கு அந்த மருந்தே வெள்ளை அணுக்களை அழித்துவிடும் என்று படித்திருந்தேன். பார்த்தது அன்றுதான்.

வராந்தாவில் நெசவாளி வழக்கம்போலக் கேட்டார். ஆயிரத்துக்கும் கீழே என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்ளோ எறங்கிடுச்சா! அப்ப நாளைக்கே போலாமா?"

"இல்லண்ணா. இவ்ளோ எறங்கக் கூடாது. சண்ட போட ஒடம்புல ஆளே இல்ல."

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ரத்தத்தையே எடுத்து அவளுக்கு ஏற்றினோம். பென்சிலின் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. பேச முடியாமல் அவள் மார்பைத் தொட்டுக் காட்டிக் குழந்தையைக் கேட்டாள். தொற்றுக்குப் பயந்து வாசலிலேயே நின்று தூக்கிக் காட்டினேன். அன்று மாலையே போய்விட்டாள்.

"சரியா இருக்குன்னு சொன்னப்பவே இட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாளா?" என்று நெசவாளி எங்கள் இருவரையும் கேட்டார்.

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் போய்க் குழந்தையை எடுத்துவந்தேன். நெசவாளி குழந்தைக்காகக் கையை நீட்டினார். எப்படி வாங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கையை மடக்கி, தலை அதில் படும்படி வைத்துக் கொடுத்தேன்.