பருப்புக்கீரைக்குள் செந்தட்டி

பூங்காத் தோட்டக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. பட்டதை மறக்கமாட்டான். அப்பா அம்மா போனபின் அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தான். வளர்ந்தான் என்றா சொன்னேன்? கிடந்தான். அண்ணி தன் பிள்ளைக்கு மேல்சோறு போடுவாள், இவனுக்கு அடிப்பிடித்த காந்தல். முகம் சுளித்தால், "தின்னா தின்னு, இல்லேன்னா போ" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியிடம் இந்தக் காந்தல் கதையைச் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்க வைத்திருந்தான்.

இப்போது அண்ணன் இல்லை. அண்ணி தன் மகன் வீட்டில், மருமகள் கையை எதிர்பார்த்து இருந்தாள். தினம் காலையில் பூங்காவுக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் தானாக மண்டிக் கிடக்கும் பருப்புக்கீரையைப் பறித்துப்போய்ச் சமைத்து வைப்பாள். அந்த வீட்டில் அவளுக்கிருந்த மரியாதை அந்தக் கீரைதான். 'சும்மா உட்கார்ந்து தின்கிறாள்' என்று மருமகள் வாயெடுக்க முடியாதே!

தோட்டக்காரனுக்கு இது தெரியும். தெரிந்துதான் செய்தான், பாவி. வேலியோரம் செந்தட்டியைக் கண்டால் பிடுங்கி எறிகிறவன், கையுறை மாட்டி அதை வேரோடு பெயர்த்து, கீரைக்கு நடுவே நட்டுத் தண்ணீரும் ஊற்றினான். செந்தட்டி பட்டால் நெருப்புப் பட்டதுபோல் எரியும். அண்ணிக்குக் கண் மங்கல்; தடவித்தான் பறிப்பாள்.

"கையெல்லாம் பத்தி எரியுது தம்பி. அந்தச் சனியனைப் பிடுங்கிப் போடேன்."

"ஆகட்டும் அண்ணி."

பிடுங்கினால்தானே! அவளாலும் வராமல் இருக்க முடியவில்லை. சொறிந்து சொறிந்து இரண்டு கையும் புண்ணாகி, விரல்கள் மடங்காமல் போயின.

"இந்தக் கையோட அடுப்படிப் பக்கம் வராதீங்க. பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்றாள் மருமகள். கையை விலக்கியவளுக்கு ஆளை விலக்க எத்தனை நாளாகும்?

ஒருநாள் அண்ணன் மகன் தோட்டக்காரன் வீட்டு வாசலில் அம்மாவைப் பையோடு இறக்கிவிட்டான். "கை ஆறுற வரைக்கும் இங்க இருக்கட்டும் சித்தப்பா. உங்களை வளர்த்தவங்கதானே?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது தோட்டக்காரனுக்கு.

மத்தியானம் பெண்டாட்டி சட்டியைச் சுரண்டி, காந்தலை அண்ணி தட்டில் போட்டாள். அத்தனை வருஷம் கேட்ட கதை வீண்போகுமா? அவன் தடுக்கவில்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அண்ணி தட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"விரல் மடங்கலை தம்பி. ஒரு ஸ்பூன் இருந்தா குடேன்."

"தின்னா தின்னுங்க அண்ணி, இல்லேன்னா போங்க."

அவள் எங்கே போவாள்? குனிந்து, தட்டில் வாயை வைத்துத் தின்றாள்.