தரகர் மருதமுத்துவின் வெந்த வாய்

1. அடுப்புக்கரி

புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டு வாய் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் நர்சுப் பெண்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புண் உங்களை அவ்வளவாகப் படுத்தாது. நோயாளியும் அவர் வீட்டாரும் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து உயிரை வாங்குவார்கள். யுத்த காலத்தில் நான் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது, மாட்டுத் தரகர் மருதமுத்து என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அவருக்குக் கல்லங்குறிச்சி. ஐம்பது வயதிருக்கும், பெரிய மீசை. வருஷக்கணக்காக இடது கன்னத்தில் புகையிலையை அடக்கி வைத்திருந்த இடத்திலேயே புற்று வந்திருந்தது. மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியம் ஊசிகளைக் கன்னத்துக்குள் குத்தி வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டு, ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வாய் ஆறி உடம்பு தேறியதும் திரும்பிப் போய், வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் டீப் எக்ஸ்ரே வைத்துக்கொள்ள வேண்டும். அதை இரண்டாவது சிட்டிங் என்போம். அதற்குள் ஆள் இளைத்துவிட்டால் உடம்பு தாங்காது. போகாமலே இருந்துவிட்டால் மிச்சமிருக்கும் புற்று மறுபடி கிளம்பும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எங்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான். அந்த வாயை ஆற்றி, மனுஷரைச் சாப்பிட வைத்து, மெட்ராஸ் ரயிலில் ஏற்றி விட வேண்டும்.

"நீதானேம்மா ரேடியம் வார்டுல ட்ரெயினிங் எடுத்தவ? இந்தக் கேஸை நீயே பாத்துக்க. எனக்கு வெளியில சந்தை மாதிரி கூட்டம் நிக்கிது" என்றார் டாக்டர். அவர் ஒருவர்தான் டாக்டர். காலராவும் அவர்தான், கால் முறிவும் அவர்தான்.

நான் தரகரை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி அஞ்சலையைப் பார்த்தேன்.

"வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருந்துச்சுங்க நர்சம்மா. அழுக்குன்னு நெனைச்சு அடுப்புக்கரியும் உப்பும் வச்சு வெரலால நல்லா அழுத்தித் தேச்சேன். போவவே மாட்டேங்குது" என்றாள். ஏதோ பித்தளைச் சொம்பைத் தேய்த்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அது அழுக்கு இல்லம்மா. ரேடியத்துல வெந்த எடத்துல படியற ஏடு. உள்ள ஆறுற வரைக்கும் அதுதான் புண்ணுக்கு மூடி. அதைப் போய்த் தேச்சு எடுத்திருக்கியே?"

"எனக்கு என்னங்க தெரியும்? யாரும் சொல்லலியே."

"வலிக்குதா தரகரே?" என்று அவரிடம் கேட்டேன். உப்பும் கரியும் போட்டுத் தேய்த்த பச்சைப் புண். எனக்கே பார்க்கும்போது பல் கூசியது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "தேவலைங்க" என்று வாயை அசைக்காமல் சொன்னார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துளி உப்பும் சோடா உப்பும் கரைத்து, கண் விழித்ததும், ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும், படுக்கப் போகும்போதும் கொப்பளிக்கச் சொன்னேன். பல் துலக்க வேப்பங்குச்சி கூடாது, கரி கூடாது, மெல்லிய மல் துணியை நனைத்துச் சுற்றிய விரல் போதும். உதட்டுக்கு வெண்ணெய். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் டாக்டர் கொடுத்த வலி மருந்து. பிறகு கேழ்வரகுக் கஞ்சி, பால், அரை வேக்காட்டு முட்டை, குழைந்த சோறு, எல்லாம் ஆறவைத்து. காரம், புளி, எலுமிச்சை, வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை எதுவும் கிட்டே வரக்கூடாது. அஞ்சலையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னாள். நானும் அவளை நம்பி அனுப்பினேன்.

2. பார்க்க வந்தவர்கள்

கல்லங்குறிச்சியில் ஒரு தொல்லை உண்டு. சனிக்கிழமை என்றால் பெருமாளைச் சேவிக்க நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் வருவார்கள். தரகருக்கோ எல்லா ஊரிலும் பழக்கம். கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே அவரையும் பார்த்துவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டார்கள். பெருமாளுக்கு மிஞ்சியது எல்லாம் அவருக்கு.

வந்தவர்கள் சும்மா போனால் பரவாயில்லை. ரேடியம் என்றால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு மகான் ஆரம்பித்து வைத்துவிட்டார். ஒருவர் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். இன்னொருவர் நன்றாகப் புளித்த மோர் கொண்டுவந்தார். உறவுக்காரர் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் மனஸ்தாபம் வருமாம், அதனால் தரகர் எல்லாவற்றையும் குடித்தார். வெந்த புண்ணில் எலுமிச்சை பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்தபோது நாக்கின் ஓரமெல்லாம் உரிந்து கிடந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நல்லது செய்யறவங்க கையில இருந்து உங்களை யாரு காப்பாத்தறது? நீங்களாவது எரியுதுன்னு சொல்லக் கூடாதா?"

"தேவலைங்க" என்றார்.

வாசலில் அஞ்சலையை உட்கார வைத்து, வருகிறவர்கள் கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொண்டு, 'அவரு தூங்குறாரு' என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். "பட்டப்பகல்ல தூங்குறாருன்னா நம்புவாங்களா?" என்று கேட்டாள். நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் என்னைத் திட்டட்டும் என்றேன். திட்டியிருப்பார்கள், சந்தேகமில்லை.

3. பார்சல் ஆபீஸ் தராசு

அதன் பிறகு புண் கொஞ்சம் அடங்கியது. கஞ்சி ஒரு சொம்பு முழுக்கக் குடிக்கிறார் என்றாள் அஞ்சலை. தரகரும் தலையை ஆட்டினார். ஆனால் சட்டை தோளில் தொங்கியது, கன்ன எலும்பு துருத்தியது. டாக்டரிடம் சொன்னேன்.

"வாய் சொல்றதை விடு. எடை போட்டுப் பாரு" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுக்கும் தராசுதான் இருந்தது. அதனால் தரகரை ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு அழைத்துப்போய், வாழைத்தார் நிறுக்கும் மேடைத் தராசில் நிறுத்தினேன். அடுத்த வாரமும் எடை போட்டோம். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போனது. பார்சல் கிளார்க், "என்னம்மா, சரக்கு வழியில கொட்டுதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே போனால் மெட்ராசில் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கல்லங்குறிச்சிக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. தரகர் கையில் காலிச் சொம்போடு நின்றார். அவருக்கு முன்னால் இருந்த காளையின் மூஞ்சி முழுக்கக் கேழ்வரகுக் கஞ்சி.

என் பின்னால் வந்த அஞ்சலையும் பார்த்தாள். "அதான் இது மட்டும் இப்புடிக் கொழுத்துப் போச்சா? நான் ஏதோ புண்ணாக்குன்னு நெனைச்சேன்" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "பால்ல காச்சுன கஞ்சிங்க நர்சம்மா. பாலுக்கு நான் அலையாத வூடு இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் நல்லதனமாகப் பேசவில்லை. "காளையையே மெட்ராசுக்கு அனுப்பிடலாமா?" என்று கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். முகம் மட்டும் அதே முகம். சுவரைப் பார்த்துப் பேசியிருந்தால்கூட எதிரொலியாவது கேட்டிருக்கும்.

4. துண்டு

அந்த நேரத்தில் காதர் பாய் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், தோல் வியாபாரி, தரகருக்குப் பல வருஷப் பழக்கம். நான் கத்திக்கொண்டிருந்ததைத் தெருவிலிருந்தே கேட்டிருக்கிறார்.

"இவரு மூஞ்சியில ஒண்ணும் தெரியாது நர்சம்மா. தெரிஞ்சா தரகு பண்ண முடியுமா? எடது பக்கம் தேள் கொட்டுனாலும் வலது பக்கம் வெலை பேசுவாரு" என்றார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினார். தரகர் பழக்க தோஷத்தில் தன் கையை அதற்குள் விட்டார். சந்தையில் மாட்டு விலை பேசுவது இப்படித்தான். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள்.

"அண்ணே, வலி ரூபாய்க்கு எத்தனை அணா?" என்று கேட்டார் பாய். துண்டு அசைந்தது. பாயின் முகம் மாறிவிட்டது.

"பதினாலு அணா நர்சம்மா. துண்டுக்கு வெளிய இவரு என்ன வேணா சொல்லுவாரு. உள்ள பொய் சொல்ல மாட்டாரு. சொன்னா அந்தக் கையை அப்புறம் எவன் தொடுவான்?"

ரூபாய்க்குப் பதினாறு அணாவில் பதினாலு அணா வலியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் 'தேவலைங்க' என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"ஏன்யா சொல்லலை? சொல்லியிருந்தா டாக்டர் வலி மருந்தைக் கூட்டிக் கொடுத்திருப்பாரே. இந்த லட்சணத்துல எப்படி மெட்ராஸ் போவீங்க?"

அப்போதுதான் மனுஷர் வாயைத் திறந்து பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"போவப் போறதில்லைங்க. மெட்ராசுல கொஞ்சம் எரியும், சரியாப் போவும்னு சொன்னாங்க. நம்பிப் படுத்தேன். வூட்டுக்கு வந்த பெறவுதான் வாய் வெந்துச்சு. எச்சி இல்ல, ருசி இல்ல, சோறு மண்ணா இருக்கு. மாட்டை விக்கறவன் அதோட சுழியைச் சொல்லித்தான் விக்கணும். சொல்லாம என் தலையில கட்டிட்டாங்க. மறுபடியும் அவங்க கிட்டயே போவணுமா?"

சுழி என்றால் மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடம். கெட்ட சுழி இருப்பதை மறைத்து மாட்டை விற்றால் அந்தத் தரகரைச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள். அவருக்கு எரிச்சலைவிட ஏமாற்றம்தான் பெரிதாக இருந்திருக்கிறது. அதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்வதற்கு ஒரு மாசமும் ஒரு காளையும் தேவைப்பட்டிருக்கிறது.

"சரி, அவங்க சொல்லலை. நீங்க எனக்குச் சுழியைச் சொன்னீங்களா? கஞ்சியை மாட்டுக்கு ஊத்திட்டு, குடிச்சேன்னு தலையாட்டுனீங்களே, அது என்ன தரகு?" என்று கேட்டேன்.

காதர் பாய் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரகர் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார்.

நான் உரலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது சிட்டிங்கில் வாய் இதைவிட மோசமாக வேகும். தொண்டையும் எரியும். எக்ஸ்ரே முடிந்து ஊருக்கு வந்த பிறகும் சில வாரம் எரிந்துவிட்டுத்தான் குறையும். ருசி திரும்ப மாசக்கணக்காகும். எச்சில் பழையபடி ஊறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சாகும் வரை தண்ணீர்ச் செம்போடு அலைய வேண்டியிருக்கலாம். பல் ஆடினாலும் எங்களைக் கேட்காமல் யாரையும் பிடுங்கவிடக் கூடாது, தாடை எலும்பு அழுகிவிடும். இவ்வளவும் செய்த பிறகும் புற்று போய்விடும் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. நீங்கள் மெட்ராஸ் போகாவிட்டால் அது நிச்சயமாகப் போகாது, அதை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

அஞ்சலை, "ஏங்க நர்சம்மா, இப்புடியெல்லாம் சொன்னா அவரு எப்புடிப் போவாரு?" என்று என்மேல் பாய்ந்தாள்.

தரகர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். காளையின் மூஞ்சியில் ஒட்டியிருந்த கஞ்சியைக் கையால் துடைத்துவிட்டார். பிறகு, "இப்பச் சொல்றீங்களே, இதுதாங்க வெலை. கஞ்சியைக் கொண்டா" என்றார்.

அன்றிலிருந்து அஞ்சலை தினமும் காலையில் துண்டுக்குள் கைவிட்டு எத்தனை அணா என்று கேட்டு வந்து என்னிடம் சொன்னாள். அதற்குத் தகுந்தபடி டாக்டர் மருந்தைக் கூட்டினார், குறைத்தார். பார்சல் ஆபீஸ் தராசு மெல்ல மேலே ஏறியது. ஏழு அணாவுக்கு வலி இறங்கியபோது அவரை ரயில் ஏற்றினோம்.

5. திரும்பி வந்தது

அவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெருமையைப் பெருமாளுக்குக் கொடுத்தார், காதர் பாய்க்குக் கொடுத்தார், காளைக்குக்கூடக் கொடுத்தார். என்னைப் பற்றி ஊரில் சொன்னதெல்லாம் 'அந்தம்மா ரொம்பக் கத்தும்' என்பதுதான். போகட்டும்.

நான் சொல்ல வந்தது, இரண்டாவது சிட்டிங் முடிந்து அவர் ரயிலை விட்டு இறங்கி நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த காலையைப் பற்றி. வரிசையில் நிற்கவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். உதடு வெடித்திருக்கிறது. நாக்கின் அடியில் எரிகிறது. தண்ணீர் விழுங்கினால் காதுக்குள் குத்துகிறது. ரயிலில் பக்கத்தில் இருந்தவன் ஊறுகாயைத் திறந்தான், வாசனைக்கே எரிந்தது. அஞ்சலை கொப்பளிக்கத் தண்ணீரைச் சூடாகக் கொடுத்துவிட்டாள். சொல்லி முடிவதாக இல்லை. எனக்குப் பின்னால் டாக்டர் கூப்பிடுகிறார், முன்னால் கூட்டம் முணுமுணுக்கிறது. ஒரு மாசம் வாயைத் திறக்காத மனுஷர் அத்தனைக்கும் வட்டி போட்டுச் சொன்னார்.

நோயாளி சொல்வதில்லை என்று கோபப்படும் நர்சுகளுக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான். என்ன வரப்போகிறது என்று முதலில் நாம் அவரிடம் முழுசாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் நம்மிடம் சொல்வார்.

"இன்னும் ஏதாவது இருக்கா தரகரே?" என்றேன், வேலை கெட்டுப்போகிற எரிச்சலில்.

"இருக்குங்க. அழுவணும் போல இருக்கு."

"அழுங்க. உப்புத் தண்ணி வாய்க்குள்ள போவாம பாத்துக்குங்க" என்று பஞ்சை நீட்டினேன். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று நான் நின்றேன். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் போகவில்லை.