நெற்றி வைக்கும் உயரத்தில்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்தது கல் தேய்க்கும் வேலை. அவள் பட்டறையில் ஆளுயரத்தையும் தாண்டிய வெள்ளை மார்பிள் ஒன்று நின்றது. நெற்றி வைக்கும் உயரத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் குடைந்து மெல்லிசாக்கியிருந்தாள். ஈர உப்புத்தாளால் அவள் அங்கே தேய்க்க, நான் பின்னால் நின்று டார்ச் அடித்தேன். வெளிச்சம் பால் போலக் கசிந்தது.

"கை ஆடாம பிடிடி. பேருதான் இன்ஜினியரு."

"போதும்மா. ஒன்பது மில்லிமீட்டர்தான் இருக்கு."

எண்ணெய்க் குழாய்களின் பற்றவைப்பில் குறை தேடுவது என் தொழில். அன்று ஒலியலைக் கருவி கையில் இருந்தது. மெல்லிய இடத்துக்கு ஒரு சாண் மேலே சாம்பல் கோடு ஒன்று ஓடியது. அதன்மேல் கருவியை வைத்தேன். அலை மறுபக்கம் போகாமல் பாதியில் திரும்பியது.

"விரிசல்" என்றேன்.

"வாயக் கழுவு. அது நரம்பு. கல்லு காதுல விழுந்துடப் போகுது."

கல்லில் இயல்பாக ஓடும் நிறக்கோட்டைப் பட்டறையில் நரம்பு என்பார்கள். மற்ற சொல்லை அவள் எந்தக் கல்லின் முன்னும் சொன்னதில்லை, யாரையும் சொல்ல விட்டதுமில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை. மார்பிளின் பெரிய படிகத் துகள்கள் அலையைச் சிதறடிக்கும், கருவி ஏமாறலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சமையல்மேடைக் கற்களுக்கு பாலிஷ் போட்டு என்னை வளர்த்தவள் அவள். எட்டு வயதில் எனக்கு இதய அறுவை நடந்தது. ஐந்து மணி நேரமும் ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறாள். "பச்ச பெயின்ட் அடிச்ச செவுருடி. அதுகிட்ட என்னன்னு வேண்டறது?" என்பாள். அதன் பிறகுதான் மிச்சத் துண்டுகளில் செதுக்கத் தொடங்கினாள். இந்தக் கல்லும் ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை, அந்த அறையின் ஜன்னலுக்கு முன்னால் கல்லை நிறுத்தினோம். ஆஸ்பத்திரி மேனேஜர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல சாமி எங்கம்மா?"

"வர்றவங்க கொண்டு வருவாங்க சார். நான் இடம் மட்டும்தான் விட்டிருக்கேன்."

அன்று மாலையே ஒரு பெண் அதில் நெற்றியை வைத்து அழுதாள். நான் மேலே ஓடிய சாம்பல் கோட்டையே பார்த்தேன். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் கல் மட்டும் நூற்றிருபது கிலோ.

அடுத்த புதன்கிழமை காலை, மூளையில் ரத்தக்கசிவு. அம்மா குழாயடியிலேயே விழுந்து இறந்துபோனாள்.

நான்காம் நாள், சனிக்கிழமை, அவள் வேலை அங்கியைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு துண்டுச் சீட்டு, அவள் கையெழுத்தில்:

'எஃகுப் பட்டை ரெண்டு. கல் பசை. ஆஸ்பத்திரிக் கல்லு, பின்பக்கம். வி- உள்ள இடம். வியாழன் காலைல.'

முதல் எழுத்தோடு நிறுத்தியிருந்தாள். எழுதக்கூடப் பயந்திருக்கிறாள்.

சோப்புக் கையோடு மேனேஜரை அழைத்தேன்.

"சார், கல்லுகிட்ட யாரையும் விடாதீங்க. விரிசல் இருக்கு."

"ஐயையோ! இப்ப ஒரு பெரியவர் சாஞ்சிட்டிருக்காரும்மா. சம்சாரம் ஆபரேஷன் தியேட்டர்ல. முடிச்சுக்கட்டுமே?"

"இப்பவே விலக்குங்க சார். கைய பிடிச்சு இழுத்துட்டு வாங்க!"

அவர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கோபமாகக் கத்தும் குரல். வேறு சத்தம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"கூட்டிட்டு வந்துட்டேம்மா" என்றார்.

வியாழன் போய் இரண்டு நாளாகிறது. பட்டைகள் இன்னும் கடையில்தான் இருக்கின்றன.